அம்பிளிபயர் சுவிச்: ஒரு வயரோ, ரெண்டு வயரோ?

பரந்தன் ஒலி: நேற்று இங்க ஒருத்தர் எழுதியிருந்தார், "வீட்டில செய்யிற அம்பிளிபயருக்குச் சுவிச்சை எந்த வயரில போட்டாலும் ஒண்டுதான், பாட்டு நிண்டால் சரி" எண்டு. நியூட்ரலை, அதாவது கரண்ட் திரும்பிப் போற வயரை, சுவிச்சால அறுத்தாலும் பாட்டு நிக்கும்தான். ஆனால் கரண்ட் வாற லைவ் வயரால ரான்ஸ்போமரில 230 வோல்ற் அப்பிடியே காத்துக்கொண்டு கிடக்கும். நூத்துப்போட்டன் எண்டு நம்பிப் பெட்டிக்குள்ள கை விடுறவன்ர கதி? நாலு கால் சுவிச் வாங்கி ரெண்டு வயரையும் அறுங்கோ.

குளக்கட்டு: எழுதினது நான்தான். பேரைச் சொல்லக் கூச்சமோ? லைவை அறுத்தால் காணும். மற்றது என்ன, வடிவுக்கோ?

பரந்தன் ஒலி: நேற்று "எந்த வயரிலயும்", இண்டைக்கு "லைவை". நாளைக்கு என்னவோ! ரெண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் உம்மட லைவ் எங்க போகும்? அதுதான் ரெண்டு வயரையும் எண்டுறன்.

விசுவமடு தம்பி: அண்ணையாக்கள், உள்ளுக்குச் சின்ன லைற் எரியிற என்ர மூண்டு கால் சுவிச்சுக்கு ஒரு வழி சொல்லுங்கோ. நடுக்காலில நியூட்ரலைக் குடுத்திட்டன். போட்டதும் படார். பியூஸ் கண்ணாடி உள்ளுக்குக் கறுத்துப்போச்சு.

மாங்குளத்தான்: பியூசுக்கு ஒரு கற்பூரம் கொளுத்து. நிறம் மாறின கால்தான் அனேகமா லைற்றுக்கு, நியூட்ரல் அதுக்கு. மற்ற ரெண்டும் லைவ் வரவும் போகவும். மீற்றர் வைச்சுப் பாத்திட்டுக் குடு. வட்ட ரான்ஸ்போமர் போட்டதும் பல மடங்கு கரண்ட் இழுக்கும், சின்னச் சுவிச் ஒட்டிப்பிடிச்சிடும். நான் ரான்ஸ்போமருக்குப் பிறகு, ஏசி டிசியா மாறின பக்கத்தில சுவிச் போட்டுத் தப்பினன்.

பரந்தன் ஒலி: தப்பினீரோ! ஏசி செக்கனுக்கு 100 தரம் பூச்சியத்துக்கு வரும், சுவிச்சை நூக்கேக்க உள்ளுக்குப் பறக்கிற பொறி அணையும். டிசியில அணைய மாட்டாது. 250 வோல்ற் ஏசி எண்டு எழுதின சுவிச்சுக்கு டிசியில அந்தப் பெறுமானம் இல்லை. தம்பி, பிளக், பியூஸ், சுவிச், ரான்ஸ்போமர், இதுதான் வரிசை. பச்சை வயர், அதுதான் எர்த், சுவிச்சுக்குப் போகாது, நேரா இரும்புப் பெட்டிக்கு. ரெண்டு வயரையும் அறு.

குளக்கட்டு: 90களில சண்டைக்குள்ள சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோ சுத்தி றேடியோ கேட்ட சனம் நாங்கள். பற்றறிக்கே தடை. அப்ப எங்க கிடந்தது உம்மட நாலு கால் சுவிச்?

பரந்தன் ஒலி: டைனமோ 6 வோல்ற், ஆளைக் கொல்லாது. சில்லைச் சுத்தினது நான், சாய்மனைக் கதிரையில கிடந்து செய்தி கேட்டது நீர். கோயில் திருவிழாவுக்கெண்டு கொண்டுபோன என்ர குழல் ஸ்பீக்கர் எப்ப வரும்?

குளக்கட்டு: நீர் தரேக்கையே அது இரைஞ்சுகொண்டுதான் இருந்தது.

பரந்தன் ஒலி: இரைஞ்சது உம்மட எர்த் இல்லாத வயரிங்!

மாங்குளத்தான்: என்ர டிசி சுவிச் ரெண்டு வருசமா வேலை செய்யுது, சொல்லிப்போட்டன்.

விசுவமடு தம்பி: நிறம் மாறின கால் எண்டது பித்தளை மாதிரிக் கிடக்கிறதோ அண்ணை?

பரந்தன் ஒலி: அதை விடு. நாலு கால் வாங்கு.