மேர்காட்ஸெ: பூனையா, குரங்கா?

பிராங்க்பர்ட்வாசி:
5 வருடமாகியும் உறுத்துகிறது. பெண்ணுக்கு அப்போது 7 வயது. டிவியில் பார்த்த மீர்கேட், அதுதான், பின்னங்காலில் எழுந்து நின்று காவல் காக்குமே, அதைப் பார்த்தே தீரவேண்டும் என்றாள். மிருகக்காட்சிசாலையில் ‘மேர்காட்ஸெ’ என்று ஜெர்மனில் அம்புக்குறி; பெயர் ஒன்றுபோல ஒலிக்கிறதே, அதுதான் என்று நினைத்தேன். விறுவிறுவென்று இழுத்துப் போனேன். கூண்டுக்குள் நீள வால் குரங்கு ஒன்று கேரட்டைக் கடித்தபடி எங்களைப் பார்த்தது. “அப்பா, உங்களுக்கு ஜெர்மன் தெரியும்னு சொன்னீங்களே?” அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. நாங்கள் தேடியதற்கு ஜெர்மனில் எர்ட்மென்ஷென், மண்ணின் குட்டி மனிதன், என்று பேராம். டச்சுக்காரர்கள் குரங்கின் பெயரைத் தென்னாப்பிரிக்காவில் இந்தக் கீரி இனத்துக்கு வைக்க, ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. மாட்டியது நான்.

சொல்வேட்டை:
மேர் கடல், காட்ஸெ பூனை, சரி. ஆனால் மூலம் நம் மர்க்கடம்தான் சார், சமஸ்கிருதக் குரங்கு. மாலை வகுப்பில் இதைச் சொன்னதும் ஆசிரியை அகராதியைப் புரட்டி ‘மெரிகாட்ஸா’ என்ற பழைய உயர் ஜெர்மன் வடிவத்தில் விரலை வைத்தார். “அப்போதே கடலும் பூனையும்தான்.” வகுப்பே சிரித்தது. எனக்குச் சமாதானம் ஆகவில்லை. கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் தொங்கு படுக்கைக்குச் சொன்ன ஹமாக்கா, ஸ்பானியர் கைக்கு வந்து, டச்சில் தொங்குபாயாகி, ஜெர்மனில் ஹேங்கெமட்டெ ஆகவில்லையா? மர்க்கடம் மட்டும் ஏன் கூடாது?

கடைசிபெஞ்சு:
ஹமாக்கா வந்த பாதை எழுத்தில் இருக்கிறது. மர்க்கடம் எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறியது? மேர் என்பது இங்கே நம் ‘சீமை’ மாதிரி, கடல் கடந்து வந்ததற்கு ஒட்டு. சீமைக்கருவேலம் போல சீமைப்பூனை, அவ்வளவுதான். தென் அமெரிக்காவிலிருந்து வந்த கினிப்பன்றிக்கும் மேர்ஷ்வைன்ஷென், கடல் பன்றிக்குட்டி. எதிர்வீட்டு அம்மா அது செத்துவிட்டது என்று கண்கலங்கியபோது, ஏதோ மீன் என்று நினைத்து “நல்லா இருந்ததா?” என்று கேட்டுவிட்டேன். இன்றுவரை பேச்சில்லை.

பிராங்க்பர்ட்வாசி, உங்களுக்கு ஒன்று. கூட்டுச்சொல்லை வாலிலிருந்து படியுங்கள். கடைசிச் சொல்தான் முதலாளி, ஆண்பாலா பெண்பாலா என்பதும் அது சொல்வதுதான். காட்ஸெ பெண்பால், எனவே மேர்காட்ஸெயும் பெண்பால். ‘ஷென்’ என்று முடிந்தால் பன்றியோ மனிதனோ, எல்லாம் அஃறிணை மாதிரி, முன்னால் ‘டாஸ்’ போட வேண்டும். தனி நோட்டுப் போட்டு, சொல்லை அதன் பால் காட்டும் முன்சொல்லோடு, ஆணுக்கு டெர், பெண்ணுக்கு டீ, மூன்றாவதுக்கு டாஸ், சேர்த்தே எழுதுங்கள், தினம் பத்து. மகளையும் கூட உட்கார வையுங்கள்.

பிராங்க்பர்ட்வாசி:
வாலிலிருந்து படித்தால் பூனைதானே வருகிறது? அங்கே வாலோடு உட்கார்ந்திருந்தது குரங்கு.