அகாடமியின் கடைசி ஆண்டும் மூத்த அணியின் முதல் ஆண்டும்

கால்பந்து கிளப்பின் அகாடமியிலிருந்து, அதாவது இளையோர் பயிற்சிப் பள்ளியிலிருந்து, மூத்த அணிக்குப் போவதைப் பற்றி இங்கே இதுவரை எழுதிய நண்பர்களில் பெரும்பாலோர் தேர்வு முகாமைப் பற்றியும் மூத்த அணிக்காகக் களமிறங்கிய முதல் ஆட்டத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் நான் சந்தித்த சிலரைப் பற்றி எழுத விரும்புகிறேன். ஏனெனில், அகாடமியில் பயின்ற ஒருவன் தொழில்முறை ஆட்டக்காரனாவதும் ஆகாமல் போவதும் பெரும்பாலும் அந்த இடைக்காலத்தில்தான் முடிவாகிறது என்பது என் உறுதியான கருத்து. நான் சிறுவயதிலேயே ஒரு கிளப்பின் அகாடமியில் சேர்ந்து, அதே கிளப்பில் ஒப்பந்தம் பெற்று, பின்னர் இரண்டாம் நிலை லீக்கில் நடுக்கள வீரனாகப் பல பருவங்கள் ஆடி ஓய்வு பெற்றவன்.

முதலில் வீரர்களின் காயங்களையும் வலிகளையும் கவனிக்கும் எங்கள் அகாடமியின் பிசியோவைச் சொல்ல வேண்டும். பதினான்கு வயதில் என் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து, படியேறினாலே வலித்தது. ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று அதற்குப் பெயர் சொன்னார். எலும்பு வேகமாக நீளும் வயதில், சில்லிலிருந்து கீழிறங்கும் தசைநாண், கால் எலும்பில் தான் ஒட்டியிருக்கும் இளம் வளர்ச்சிப் பகுதியை ஓயாமல் இழுப்பதால் வரும் வலி அது என்று, தன் விரலாலேயே அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி விளக்கினார். பயிற்சியை அவர் அடியோடு நிறுத்திவிடவில்லை. வேக ஓட்டங்களையும் தாவல்களையும் கோலை நோக்கி ஓங்கி உதைப்பதையும் மட்டும் குறைத்தார். மாதந்தோறும் என் உயரத்தை அளந்து ஒரு தாளில் குறித்துவைத்தார். ஒருநாள் அந்தத் தாளைக் காட்டி, "தம்பி, இப்போது உன்னை இடித்துத் தள்ளிவிட்டு ஓடுகிறவன் உன்னைவிட நல்ல ஆட்டக்காரன் என்று எண்ணாதே. அவன் உனக்கு முன்னால் வளர்ந்துவிட்டான், அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னது வெறும் ஆறுதல் இல்லை என்பதைப் பின்னாளில் படித்து அறிந்தேன். வயதுப் பிரிவின் கணக்குத் தொடங்கும் நாளையொட்டிப் பிறந்த சிறுவர்கள் அகாடமிகளில் மிகுதியாகவும், அந்த ஆண்டின் இறுதி மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவாகவும் இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. ஒரே பிரிவில் ஆடினாலும் அவர்களுக்கிடையே ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு இருக்கிறது. அதைத் திறமை வேறுபாடாகக் கண் கணக்கிட்டுவிடுகிறது. அந்துவான் கிரீஸ்மனை உடல் சிறியது என்று பிரான்ஸின் கிளப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவிர்த்தன; பதின்ம வயதில் ஸ்பெயினின் ரியல் சொசியடாட் அகாடமிக்குப் போய் வளர்ந்த அவர், 2018 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரான்ஸுக்காகக் கோல் அடித்தார். அதே உலகக் கோப்பைத் தொடரில் அதிக கோல் அடித்த இங்கிலாந்தின் ஹாரி கேன், குழந்தைப் பருவத்தில் ஆர்சனல் அகாடமியிலிருந்து விடுவிக்கப்பட்டவர், அதாவது இனி வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர். தங்கள் பிள்ளை குட்டையாக இருக்கிறான் என்று இங்கே கவலையோடு எழுதிய பெற்றோர், பிள்ளையின் வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அகாடமி அளந்து பதிவு செய்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அளக்காத இடத்தில் அவசரத் தீர்ப்புகள்தான் மிகும்.

பதினேழு வயதில் என்னை மூத்த அணியின் பயிற்சிக்கு அழைத்தார்கள். வட்டமாக நின்று நடுவில் இருப்பவர்களுக்குச் சிக்காமல் பந்தைக் காலால் ஒருவருக்கொருவர் அனுப்பும் ரோண்டோ பயிற்சியில்தான் அன்று தொடங்கினோம். அகாடமியில் நான் பந்தை ஒரு தொடுதலில் நிறுத்தி, அடுத்த தொடுதலில் அனுப்பிப் பழகியவன்; அங்கே அந்த அடுத்த தொடுதல் எதிரில் இருப்பவருடையதாகவே இருந்தது. ஓட்டத்தின் வேகத்தைவிட அவர்கள் முடிவெடுக்கும் வேகமே என்னை மலைக்க வைத்தது. அணியின் மூத்த தற்காப்பு நடுக்கள வீரர் பயிற்சி முடிந்ததும் என்னைத் தனியே நிறுத்தி, தமக்குப் பந்து வரும் முன் தம் தலையை மட்டும் கவனிக்கச் சொன்னார். பந்து வேறொருவர் காலில் இருக்கும்போதே இடத்தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, வலத்தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, பந்து உதைக்கப்பட்டு வரும் வழியில் மீண்டும் ஒன்று. பந்து காலில் படும்போது அடுத்து என்ன செய்வது என்பது அவருக்கு முன்பே முடிவாகியிருந்தது. நார்வேயின் ஆய்வாளர் கெயிர் யோர்டெட் இந்தப் பழக்கத்தைத்தான் ஆண்டுக்கணக்கில் காணொளிகளில் எண்ணி ஆராய்ந்திருக்கிறார். பந்து வருவதற்குள் அதிக முறை சுற்றிப் பார்க்கும் வீரர்களே அதை முன்னோக்கிச் சரியாக அனுப்புகிறார்கள் என்பது அவர் காட்டிய முடிவுகளுள் ஒன்று. இதை எட்டு வயதிலேயே கற்றுத்தரலாம். பல அகாடமிகள் இன்னும் பந்தின்மேல் கண் வைக்கச் சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது.

ஆயினும் என்னை ஆட்டக்காரனாக்கியது பத்தொன்பது வயதில் கீழ்நிலை லீக் கிளப் ஒன்றுக்கு லோனில், அதாவது என் கிளப்பின் வீரனாகவே இருந்துகொண்டு சில காலத்துக்கு இரவலாக, போனதுதான். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். மூத்த அணிக்கு அடுத்த நிலையிலுள்ள ரிசர்வ் அணியில் தோற்றால், மறுநாள் காணொளி பார்த்து என்ன கற்றோம் என்று பேசுவோம். லோன் போன இடத்திலோ, ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், முன்னிலையில் இருந்த எங்கள் அணிக்காக நடுக்களத்தில் அழகாகத் திரும்பி ஒருவரைத் தாண்ட முனைந்தேன். தாண்டியும் விட்டேன். இருந்தும் ஆட்டம் முடிந்ததும் முப்பத்து மூன்று வயதுத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்து, காலில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்தபடியே, "தம்பி, நீ அடுத்த ஆண்டு உன் கிளப்புக்குத் திரும்பிவிடுவாய். எனக்கு இந்த வெற்றிப் பணத்தில்தான் வீட்டு வாடகை" என்றார். குரலில் கோபமே இல்லை. அந்த இடத்தில் பந்தை இழக்கும் ஆபத்தை ஏற்காமல், நேரத்தைக் கடத்த அதை மூலைக் கொடிப் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்பது எந்த அகாடமிப் பாடத்திலும் இல்லாமல் போனதன் காரணம் எனக்கு அப்போது விளங்கியது. அகாடமியில் ஆட்டம் வீரனின் வளர்ச்சிக்காக நடக்கிறது; இங்கே புள்ளிகளுக்காக நடக்கிறது, அப்புள்ளிகளை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன.

ஹாரி கேன் டாட்டன்ஹாமில் நிலைபெறும் முன் லேட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் ஆகிய நான்கு கிளப்புகளுக்கு லோனில் அனுப்பப்பட்டார். குரோஷியாவின் லூகா மோட்ரிச் 2003-இல், பதினெட்டு வயதில், டினாமோ ஜாக்ரெப் கிளப்பிலிருந்து பொஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மோஸ்டார் கிளப்புக்கு லோனில் போய், முரட்டு ஆட்டத்துக்குப் பெயர்போன அந்த லீக்கில் ஒரு பருவம் ஆடினார். 2018-இல் உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான பலோன் தோர் விருது பெற்றவரும் அவரே. லோன் என்றால் கிளப்புக்கு வேண்டாதவன் என்று பொருள் கொள்ளும் இளைஞர்களுக்கு இவர்களைத்தான் நான் எப்போதும் எடுத்துக்காட்டுகிறேன்.

என்னோடு அகாடமியில் அறை பகிர்ந்த நண்பன், ஒப்பந்தம் கிடைக்காதவர்களைத் தனித்தனியாக அழைத்துச் சொன்ன நாளில் விடுவிக்கப்பட்டான். சில நிமிடங்களில் பேச்சு முடிந்துவிட்டது. எங்களில் பந்தை மிக நன்றாகக் கையாண்டவன் அவன் என்றே இன்றும் சொல்வேன். பள்ளிப் படிப்பைக் கைவிடாததால் அவன் மேற்கொண்டு படிக்க முடிந்தது. இப்போது வேறொரு கிளப்பில் காணொளிப் பகுப்பாய்வாளராக இருக்கிறான். விடுவிக்கப்பட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணும் பிள்ளைகளிடம், பதினாறு வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் விடுவித்த ஜேமி வார்டி தொழில்முறையல்லாத கிளப்புகளில் ஆடி, 2012-இல் லெஸ்டருக்கு வந்து, 2016-இல் பிரீமியர் லீக் பட்டம் வென்றதைச் சொல்லுங்கள். ஆனால் அது மிக அரிதானது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

மகனுக்குப் பதினேழு வயதில் ஒப்பந்தமும் லோன் வாய்ப்பும் ஒன்றாக வந்திருக்கின்றன என்று கேட்டிருந்த ஐயாவுக்கு இரண்டு செய்திகள். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொழில்முறை ஒப்பந்தம் செய்ய முடியாது. அதைவிட நீண்ட காலத்தைச் சொல்லி யாரேனும் கையெழுத்து கேட்டால், விளையாட்டுச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். லோனைப் பொறுத்தவரை, கிளப்பின் பெயரையும் லீக்கின் தரத்தையும் பார்ப்பதற்கு முன், அங்கே அதே இடத்தில் ஆடுபவர்கள் எத்தனை பேர், தலைமைப் பயிற்சியாளர் தாமே உங்கள் மகனைக் கேட்டு வாங்குகிறாரா, ஆடவைக்காவிட்டால் பருவத்தின் நடுவில் திரும்ப அழைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேளுங்கள். முடிந்தால் அந்தப் பயிற்சியாளரிடம் மகனையே நேரில் பேசவிடுங்கள். அவனை எந்த இடத்தில் ஆடவைக்கப் போகிறார் என்பதை அவர் தயங்காமல் சொன்னால் அனுப்பிவையுங்கள்.