வடு ஜாடியும் சவ்வூடு பரவலும்

("நம்ம வீடு" குழு, இரவு)

கவின்: மாலா சித்தி, நாளைக்கு அறிவியல் பரீட்சை. சவ்வூடு பரவலில் தண்ணீர் குறைந்த செறிவிலிருந்து அதிக செறிவுக்குப் போகும் என்று ஒரு நோட்டில் இருக்கிறது. இன்னொன்றில் நேர் மாறாக இருக்கிறது. எதை எழுதுவது?

மாலா சித்தி: ரெண்டும் சரிதான்டா. ஒன்று உப்பின் செறிவைச் சொல்கிறது, மற்றது தண்ணீரின் செறிவை. உப்பு கூடுதலான பக்கத்தில் தண்ணீர் குறைவு, அந்தப் பக்கம்தான் தண்ணீர் போகும். நடுவில் தண்ணீரை மட்டும் விட்டு உப்பைத் தடுக்கிற சவ்வு இருக்க வேண்டும்.

கவின்: ம்ம்.

அம்மாச்சி: பிள்ளைக்குப் புரியவில்லை. வசந்தி, அந்த மாவடு ஜாடியைக் காட்டு.

வசந்தி: (படம்) கல்லுப்பு, மஞ்சள், கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, விளக்கெண்ணெய் அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. மூணாம் நாளே எவ்வளவு விட்டிருக்கிறது பார்.

கவின்: இது முழுக்க மாங்காய்க்குள்ளே இருந்த தண்ணீரா?!

மாலா சித்தி: ஆமாம். வெளியே உப்பு ஏராளம், அதனால் செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறிவிட்டது. தோல் சுருங்கிக் கிடக்கிறதல்லவா? செல்லுக்குள்ளே இருக்கிற உயிர்ப்பொருளான புரோட்டோபிளாசம் செல்சுவரை விட்டு விலகிச் சுருங்குவதுதான் பிளாஸ்மோலைசிஸ். ஜாடிக்குள் வருகிற பாக்டீரியாவுக்கும் இதே கதிதான். வடு கெடாமல் இருக்க அதுவும் ஒரு காரணம்.

குமார் மாமா: *வெறும் வயிற்றில் உப்புத் தண்ணீர் குடித்தால் உடலின் நச்செல்லாம் வெளியேறும்! 10 பேருக்கு அனுப்புங்கள்*

மாலா சித்தி: குமாரு, முதலில் அதை அழி.

கவின்: பெரியப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்களே, அதில் வெறும் சுத்தமான தண்ணீர் இருந்தால் என்ன ஆகும்?

மாலா சித்தி: சிவப்பணுக்களுக்குள் தண்ணீர் ஏறி ஏறி வெடித்துவிடும். அவற்றுக்குச் செல்சுவர் கிடையாது. வெங்காயச் செல்லுக்குச் சுவர் உண்டு, அதனால் விறைத்து நிற்குமே தவிர வெடிக்காது. இந்த வித்தியாசத்தை விடையில் கட்டாயம் எழுது. டிரிப்ஸில் ஏற்றுகிற சலைன் என்கிற உப்பு நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும், அதாவது 0.9 சதவீதம். இரத்தத்தின் செறிவுக்கு ஏறக்குறைய ஈடு. அதைத்தான் ஐசோடானிக் என்கிறோம்.

பெரியப்பா: எனக்கு ஒரு சந்தேகம் மாலா. உப்பு தண்ணீரை இழுக்கும் என்கிறாய். அப்புறம் பேதியானவனுக்கு எதற்கு உப்புக் கரைசல்? குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துவிடாதா?

மாலா சித்தி: நல்ல இடத்தில் பிடித்தீர்கள் அத்தான்! சூட்சுமம் குளுக்கோஸில் இருக்கிறது. சிறுகுடல் செல்களில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே எடுக்கிற புரதம் ஒன்று உண்டு. காலரா வந்தாலும் அது வேலை செய்யும். ரெண்டும் உள்ளே போனதும் செறிவு அந்தப் பக்கம் கூடுகிறது, தண்ணீரும் பின்னாலேயே போகிறது. ஆனால் உப்பு மிஞ்சினால் நீங்கள் பயப்படுகிறபடியேதான் ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும். அந்த உப்புக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். கண்ணளவு வேலைக்கு ஆகாது.

பெரியப்பா: இதை யார் கண்டுபிடித்தது?

மாலா சித்தி: பல பேருடைய உழைப்பு. 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவியது. டிரிப்ஸ் தட்டுப்பாடு. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். அங்கே சாவு வெகுவாகக் குறைந்தது.

அம்மாச்சி: நாங்கள் கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டுக் கொடுத்தோம்.

மாலா சித்தி: அரிசிக் கஞ்சியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகத்தானே உடைகிறது. அரிசிமாவில் செய்கிற கரைசலே தனியாக உண்டும்மா.

கவின்: இதெல்லாம் பரீட்சைக்கு வருமா சித்தி?

மாலா சித்தி: வராது. வரையறையும் வெங்காயச் செல் படமும் வரும். உப்புக் கரைசலில் போட்ட செல்லையும் வெறும் தண்ணீரில் போட்ட செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, பாகம் குறித்து எனக்கு அனுப்பு.

வசந்தி: பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டுப் போனை என்னிடம் கொடு.