புது சர்வருக்கு மாறியபின் சேமிப்பதில் மந்தம்: எதை முதலில் பார்க்கலாம்?

வணக்கம் நண்பர்களே. மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் புது சர்வருக்கு மாற்றினோம்: 128 ஜிபி ராம், ரெய்டு 10 (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, தரவை இரு பிரதியாக வைக்கும் முறை). ஆனால் பழையதைவிட மந்தம். எடைமேடையில் நெல் லாரி நிற்கும், சேமி பட்டனை அழுத்தினால் சீட்டு வர நாலைந்து விநாடி இழுக்கிறது. முன்பு அழுத்திய கையோடு வந்துவிடும்.

ரிப்போர்ட் எடுப்பது வேகமாகத்தான் இருக்கிறது, எழுதும்போதுதான் தொல்லை. அப்போது சிபியு சும்மா கிடக்கிறது, டிஸ்க் வேலையைக் காட்டும் ஐயோஸ்டாட்டில் எழுதும் காத்திருப்பு மட்டும் ஏறுகிறது. டேபிள்களின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் ஓட்டியாகிவிட்டது. பயாஸில் மின்சேமிப்பை நிறுத்தியும் மாற்றமில்லை.

என் சந்தேகம் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ரெய்டு கார்டு மேல்தான். கரண்ட் போனாலும் கார்டின் கேஷ் நினைவகத்தில் உள்ளதைக் காக்கும் பேட்டரி இன்னும் சார்ஜ் ஆவதாகவே காட்டுகிறது. பேட்டரி தயாராக இல்லையென்றால் பல கார்டுகள் ரைட்-பேக்கை (கேஷில் வாங்கியதுமே முடிந்தது என்று சொல்வது) விட்டு ரைட்-த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதிய பிறகே சொல்வது) போய்விடும். ஒவ்வொரு கமிட்டும் (பதிவை நிரந்தரமாக்கும் கட்டளை) டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் மென்பொருளோ வரிக்கு வரி கமிட் செய்யும் ரகம்.

எழுதியது டிஸ்க்கில் இறங்கியதா என்று உறுதிசெய்யும் எஃப்சிங்கை ஆஃப் செய்யச் சிலர் சொல்கிறார்கள். அடிக்கடி கரண்ட் போகும் ஊர், விவசாயிகளின் கணக்கு. அதை மட்டும் செய்ய மாட்டேன்.

பேட்டரியை மாற்றச் சொல்வதற்கு முன் இதை எப்படி உறுதிப்படுத்துவது? இரண்டு சர்வரிலும் எஃப்சிங்க் வேகத்தை அளக்கும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் ஓட்டி ஒப்பிட்டால் போதுமா? குறுவை வரத்து தொடங்குமுன் சரிசெய்தாக வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.