குடியை விட்டும் ஆள் மாறவில்லை: குடிக்கும் ஆளுமைக் கோளாறுக்கும் சேர்த்து சிகிச்சை எங்கே கிடைக்கும்?

திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன். தம்பிக்கு 29 வயது, ஏழு வருடக் குடி. இரண்டு முறை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். முதலில் 30 நாள், போன வருடம் 90 நாள். வந்த பிறகு ஐந்து மாதம் ஒரு சொட்டு தொடவில்லை. அப்புறம் மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

எங்களைக் குழப்பியது அந்த ஐந்து மாதம்தான். போதையே இல்லாத நாளிலும் அதே ஆள். போனை ஒரு தடவை எடுக்காவிட்டால், "நீயும் என்னைக் கைவிட்டுட்டேல்ல" என்று இருபது மெசேஜ். காலையில் நான் தெய்வம், சாயங்காலம் எதிரி. கோபம் தலைக்கேறினால் தன்னையே காயப்படுத்திக்கொள்வான். யோசித்தால், பள்ளிக்கூட நாளிலிருந்தே இப்படித்தான். குடி பிறகு வந்தது.

குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் மாத்திரை கொடுத்துப் பார்த்தோம். மாத்திரையை நாக்கடியில் ஒளித்து துளசித் தொட்டியில் துப்பியிருக்கிறான். இப்போது குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை ஓடுகிறது. குடிக்காத மாதங்களில் தொடர்ந்து பார்த்த பிறகே மனநல மருத்துவர் 'பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு' என்றார். குடி நடக்கும்போது எது போதை, எது சுபாவம் என்று பிரிப்பது கஷ்டமாம். டி.பி.டி. என்கிற பேச்சு சிகிச்சைதான் இதற்கு முக்கியம் என்றார்.

கவுன்சலரிடம் போனால் "குடியை நிறுத்திட்டு வாங்க" என்கிறார். மையத்தில் "மனநலப் பிரச்சினை இருந்தா எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் பேசினோம், ஒரு மோசமான இரவைக் கடக்க உதவினார்கள்.

மதுரை, திருச்சி, கோவை பக்கம் குடி சிகிச்சையையும் டி.பி.டி.யையும் ஒரே இடத்தில், தமிழில் தருகிறவர்கள் யாரையாவது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?