நம்பர் பிளேட்டை மறைத்த போலீஸ் வண்டி: உங்கள் அனுபவம் என்ன?

பல்லாவரம் வாசி:
ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போனில் குறுஞ்செய்தி. ஹெல்மெட் போடாமல் போனதற்கு 1,000 ரூபாய் அபராதம். அன்று முழுக்க என் ஸ்கூட்டர் சர்வீஸுக்கு விட்ட கடையில் நின்றது. படத்தைத் திறந்தால் கறுப்பு பைக், பின் மட்கார்டில் சிவப்பும் நீலமுமாக ‘போலீஸ்’ ஸ்டிக்கர். நம்பரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி எண் 8. அதன் இடது பக்கத்தை மட்டும் வெள்ளை டேப் ஒட்டி மறைத்திருந்தார்கள். டேப்பின் ஓரம் உரிந்து அடியில் கறுப்பு தெரிந்தது. கேமரா அதை 3 என்று படித்துவிட்டது. என் வண்டி எண் 3-ல் முடியும்.

பின் பிளேட்டில் எண்களின் கோடு 7 மில்லிமீட்டர் தடிமன்தான். அதை மறைக்க விரல்நகம் அளவு டேப் போதும். அப்புறம் அபராதம் வேறு யார் வீட்டுக்கோ போகும்.

படத்தை அச்செடுத்துக்கொண்டு போக்குவரத்து போலீஸ் அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகப் பேசி, அபராதத்தை நீக்கியும் கொடுத்தார். “அந்த பைக் சார்?” என்றேன். “உங்க வேலை முடிஞ்சுதே” என்றார். எனக்கு ஆறவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 210பி என்று ஒரு பிரிவு வந்தது. சட்டத்தை அமல்படுத்த வேண்டியவர்களே அதை மீறினால் அபராதம் இரண்டு மடங்கு. அப்படியானால் அந்த 1,000 ரூபாய் 2,000 ஆகியிருக்க வேண்டும், டேப்புக்குத் தனி.

மதுரைக்காரன்:
எங்கள் தெருமுனை டீக்கடையில் தினமும் ஒரு ஜீப் நிற்கும். ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் தீபாவளி வரைக்கும் நம்பர் மேலேயே காய்ந்து கிடந்தது. முன்கண்ணாடியை மட்டும் தினமும் துடைப்பார்கள். சென்னையில் 2024 மே 2 முதல் தனியார் வண்டிகளில் ஒட்டும் ‘போலீஸ்’ போன்ற ஸ்டிக்கர்களையும் குறையுள்ள நம்பர் பிளேட்டுகளையும் பிடித்தார்களே, முதல் முறை 500, மறுமுறை 1,500 என்று. நல்ல காரியம். அதைத் துறையின் சொந்த வண்டிகளிலிருந்து தொடங்கியிருந்தால் மக்களுக்கு இன்னும் நம்பிக்கை வந்திருக்கும்.

ஏட்டு மகள்:
எல்லாரையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். அப்பா ஜீப் ஓட்டியவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். மழைக்காலத்தில் ரோந்து முடிந்து வந்ததும் ஈரத்துணியால் முன்னும் பின்னும் நம்பரைத் துடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். “நம்ம மேல யாராச்சும் புகார் குடுக்கணும்னா வண்டி நம்பர் தெரியணும்ல” என்பார். அந்த டேப் விஷயத்தைப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

பல்லாவரம் அண்ணா, அப்பா சொல்லச் சொன்னது இது: அபராதம் நீங்கியதோடு விடாதீர்கள். டேப் உரிந்த இடத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து, தேதி, நேரத்தோடு போலீஸ் ஆணையர் அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைத்ததும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.