தலையில் பட்ட அடி: பார்த்தவங்க, பட்டவங்க எழுதுங்க

கொடுமுடிக்காரி:
மாமா அக்காவோட பின்மண்டையைச் செவுத்துல மோதினது ஆடியில. ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல்னு அனுப்பிட்டாங்க. நான் சொல்ல வந்தது புரட்டாசியில நடந்தது. அடுப்புல பால் பொங்கி, வத்தி, அடிப்பிடிச்சு தெருவரைக்கும் நாறுது. அக்கா ரெண்டு முழம் தள்ளி உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சிட்டிருக்கா. "அக்கா, பாலு!"ன்னு கத்துனேன். "என்னடி?"ங்கறா. சட்டியைத் தூக்கி மூக்குகிட்ட நீட்டுனேன். மோந்து பார்த்துட்டு, ஒண்ணும் இல்லையேங்கற மாதிரி என்னைப் பார்த்தா.

உள்ள இருந்து மாமியார், "பார்த்தியா, இதுக்குத்தான் வாங்கிக் கட்டிக்கறா"ன்னாங்க.

அப்புறம் நரம்பு டாக்டர் சொன்னார்: மூக்குலருந்து வாசனையைக் கொண்டுபோற நரம்பு இழைங்க சல்லடை மாதிரி ஒரு எலும்பு வழியா மூளைக்குப் போகுதாம். மண்டை குலுங்கினா அதுங்க அறுந்துடுமாம், ஸ்கேன்ல தெரியாமலே போகலாமாம்.

நைட்_டூட்டி:
கேஷுவாலிட்டி ஸ்டாஃப் நர்ஸ் நான். ராத்திரி ஒண்ணரை மணி. கழுத்துல விரல் பதிஞ்ச தடம், குரல் கம்மிப்போய் இருக்கு. பேர் கேட்டா கூட வந்தவர் சொல்றார். வயசும் அவரே. எப்படி ஆச்சுன்னா, "பாத்ரூம்ல வழுக்கிருச்சு". ஏ.ஆர்.ல, அதாவது அடிபட்டு வர்றவங்க விவரம் எழுதற ஆஸ்பத்திரிப் பதிவேட்டுல, அப்படியே ஏறிடுச்சு. கழுத்தை நெரிச்சா மூளைக்கு ரத்தம் போகாது, வெளிக்காயமே இல்லாம உள்ள சேதமாகலாம். எனக்கு இது தெரியும். "கொஞ்சம் வெளிய இருங்க சார்"னு சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? சொல்லல. அந்தம்மா என் பேட்ஜையே பார்த்துட்டிருந்தாங்க.

ராஜேந்திரன்_மதுரை:
எங்க சித்தப்பா ஒருநாள் கோபத்துல சித்தியைத் தள்ளிவிட்டார். மூணு வாரம் கழிச்சு தலைவலி, ஒரு கால் இழுத்துச்சு. ரத்தக்கட்டின்னு மண்டையில ஓட்டை போட்டு எடுத்தாங்க. இப்ப நல்லா இருக்காங்க.

கொடுமுடி சகோதரிக்கு ஒரு வார்த்தை. பால் எல்லார் வீட்லயும்தான் தீயுது. எதுக்கெடுத்தாலும் அடியையே காரணம் காட்டினா குடும்பம் எப்படி ஓடும்? மொதல்ல ரெண்டு பக்கத்துப் பெரியவங்களையும் வச்சுப் பேசுங்க. போலீஸ், கோர்ட்டுன்னு போனா புள்ளைங்க படிப்புதான் கெடும். அக்காவுக்கு வல்லாரைத் துவையல் வாரம் மூணு நாள் கொடுங்க. பாதாம் ஊறப்போட்டுத் தோலுரிச்சு வெறும் வயித்துல. நல்லெண்ணெய்க் குளியல். மனசை அமைதியா வச்சுக்கிட்டா ஞாபகசக்தி தானா வரும். மாமாவுக்கும் வேலையில என்ன பிரஷரோ, யாராவது உக்காந்து கேட்டீங்களா?

குமாஸ்தா:
ராஜேந்திரன் சார், உங்க சித்தி மண்டையில ஓட்டை போட்டாங்கன்னு நீங்களே எழுதிட்டு அடுத்த வரியில துவையலுக்குப் போயிட்டீங்க. மூணு வாரம் கழிச்சு கால் இழுத்துச்சுன்னா தள்ளிவிட்ட அன்னிக்கே கசிய ஆரம்பிச்சிருக்கலாம் சார்.

நான் வக்கீல் ஆபீஸ்ல இருக்கேன். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல 12வது பிரிவு மனு, பாதிக்கப்பட்ட பொண்ணு கோர்ட்டுல நிவாரணம் கேட்டுப் போடறது. குறுக்கு விசாரணையில அந்தப் பொண்ணுகிட்ட தேதி கேட்டாங்க. மனுவுல ஞாயிறு, அது வெள்ளிங்குது. திரும்பக் கேட்டா, "மறந்துட்டேங்க". மூணு தடவை. எதிர்த்தரப்பு வக்கீல் சிரிச்சுட்டு உக்காந்துட்டார். அடியாலதான் மறதிங்கறதுக்கு டாக்டர் ரிப்போர்ட் ஒண்ணு கேஸ் கட்டுல இருந்திருந்தா அந்தச் சிரிப்பு வந்திருக்காது. நான்தான் கட்டு சேர்த்தவன். கேட்டு வாங்கி வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

நர்ஸ் மேடம், உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா நீங்க எழுதற அந்த ஒரு வரியைத்தான் நாங்க வருஷக்கணக்குல சுமக்கறோம். மத்தவங்களுக்கு: பெண்கள் உதவி எண் 181க்கு எந்நேரமும் கூப்பிடலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர்கிட்டயும் மனு கொடுக்கலாம், வக்கீல் இல்லாமலே.

கொடுமுடிக்காரி:
ராஜேந்திரன் அண்ணா, பெரியவங்களை வச்சு நாலு தடவை பேசியாச்சு. நாலாவது தடவை பேசினதுக்கு அப்புறம்தான் அந்தச் செவுரு.

அக்கா இப்ப எங்ககூடத்தான். கேஸ் கசிஞ்சாலும் அவளுக்குத் தெரியாதுங்கறதால ராத்திரி ரெகுலேட்டரை அவ பையன் மூடறான். ஒன்பது வயசு. "மூடிட்டேம்மா"ன்னு சொல்லிட்டுத்தான் படுக்கறான். பத்து நிமிஷத்துல அவ திரும்பக் கேப்பா, அவனும் திரும்பச் சொல்லுவான்.

குமாஸ்தா சார், ஏ.ஆர். காப்பி ஒரு வருஷம் கழிச்சுக் கேட்டாலும் தருவாங்களா? எங்களுதுலயும் வழுக்கி விழுந்ததாத்தான் இருக்கும். மாமாதான் கூடப் போனார். இருந்தாலும் வாங்கி வைக்கட்டுமா?